எந்த உயரத்திலிருந்து

ஹேவ்லாக் ஸ்குவேர் நீதிமன்றம், மூன்றாம் நாள்.
குளிர் அதிகம்.
என் தலைக்கவசம் என்னைவிட நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது,
ஒளிபுகும் பையில், பி-4 என்று பெயர் சூட்டப்பட்டு.
இடப்பக்கம் விரிசல். அதில் இன்னும் ஒரு முடி,
மருதாணிச் சிவப்பு, என்னுடையதுதான்.
அதை யாரும் கேட்கவில்லை.

செம்பவாங் கால்வாயோரம், மழை விட்ட ஏழரை மணி.
முதுகுப் பெட்டியில் இரண்டு மீ கோரெங், பத்துக் குச்சி சாத்தே.
வடிகால் கம்பியில் சக்கரம் வழுக்கியது.
தாடைவார் அறுந்ததா, அவிழ்ந்ததா?
இந்த ஒரு வினைச்சொல்லுக்காக
இரு தரப்பும் மூன்று நாளாகப் பேசுகிறார்கள்.
அறுந்திருந்தால் அவர்கள்.
அவிழ்ந்திருந்தால் நான்.

நிபுணர் வந்தார்.
அதே அச்சில் வார்த்த ஐந்து கவசங்களை
உலோகத் தலைகளில் மாட்டி
ஒன்றரை மீட்டரிலிருந்து போட்டுப் பார்த்தாராம்.
மூன்று தாங்கின.
மற்ற இரண்டைப் பற்றிப் பேச
எதிர்த்தரப்புத் திருவாட்டி லோ விடவே இல்லை.
உலோகத் தலைக்கு மூக்கு உண்டா என்று கேட்க நினைத்தேன்.
கேள்வி கேட்பது என் வேலையில்லை.

மொழிபெயர்ப்பாளர் இருதயராஜ் நல்ல மனிதர்.
டிஃபெக்ட் என்றால் குறை என்கிறார்,
கம்ப்ளைண்ட் என்றாலும் குறை என்கிறார்.
குறையுள்ள பொருளைக் குறை சொல்ல வந்தவள்
மெல்ல மெல்ல
குறையுள்ளவளாகிக்கொண்டிருக்கிறேன்.

இழப்புப் பட்டியல் என் வழக்கறிஞர் போட்டது.
மருத்துவச் செலவு. நான்கு மாத வருமானம்.
நுகரும் திறன்: முழுமையாக, நிரந்தரமாக.
லிஃப்டில் யார் சிறுநீர் கழித்தாலும் எனக்கொன்றுமில்லை.
டுரியான் பெட்டி வெறும் பாரம்.
எரிவாயு கசிந்தால் மகன்தான் வந்து சொல்ல வேண்டும்.

"சாப்பாடு கொண்டுபோக மூக்கு தேவையில்லையே?"
தேவையில்லைதான்.
"வேறென்ன செய்ய முடியவில்லை?"
"உச்சி முகர."

இருதயராஜ் ஒரு கணம் தயங்கினார்.
பிறகு ஆங்கிலத்தில், முத்தம் என்றார்.
அது முடிகிறது ஐயா, என்றேன்,
உதடு நன்றாகத்தான் இருக்கிறது.
பள்ளி விட்டு வரும் தர்வினின் தலையில்
வெயில் இருந்தது, பென்சில் சீவல் இருந்தது,
பேருந்தின் சன்னல் கம்பி இருந்தது.
இப்போது முடி இருக்கிறது.

பிறகு அந்த ஒட்டுத்தாள்.
ஒருமுறை விழுந்தாலும் மாற்றிவிடவும் என்று
கடுகு எழுத்தில், நான்கு மொழியில்,
மெத்தைக்கு அடியில், பசைக்கும் அடியில்.
நிபுணர் கத்தியால் கீறி எடுத்தபோது
விற்றவர்களே எட்டிப் பார்த்தார்கள்.
இருந்தாலும் லோ அதைப் பிடித்துக்கொண்டார்:
"விபத்துக்கு முன் இது எப்போதாவது விழுந்ததுண்டா?"

என் வழக்கறிஞர் இதை என்னிடம் கேட்டதேயில்லை.
கேட்டுவிடாமலிருக்க அவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது
அப்போதுதான் விளங்கியது.

விழுந்தது.
சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம்,
எங்கள் புளோக், ஒன்பதாம் மாடி நடைவழி,
காலணி அடுக்கின் மேல்தட்டு.
தர்வின் ஒற்றைச் செருப்பைத் தேடினான். டொக்.
தேங்காய் மூடி விழும் சத்தம்கூட இல்லை.
துடைத்து மாட்டிக்கொண்டேன்,
ஆர்டர் காத்திருந்தது.

"ஆம். ஒருமுறை."

என் வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றி
நெடுநேரம் துடைத்தார்.

"எந்த உயரத்திலிருந்து?"
கையைத் தாழ்த்திக் காட்டினேன்.
கை பதிவாகாது, வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்கள்.
எனக்குச் சென்டிமீட்டர் தெரியாது.
செருப்பு மாட்ட அவன் குந்தும்போது
உச்சி என் கைக்கு எட்டுமே,
அந்த உயரம்.

இருதயராஜ் அதை மெதுவாக, ஒன்று விடாமல் சொன்னார்.
நீதிபதி பேனாவை நிறுத்தினார்.
"சுமார் எழுபது சென்டிமீட்டர்?"

இருக்கலாம், என்றேன்.